காதுக்குள் ஓயாத இரைச்சல்: தவறான எண்ணங்களும் உண்மைகளும்



நம் வீட்டுப் பெரியவர்களிடம் நலம் விசாரித்தால், சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலின் கடைசியில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றையும் சொல்வதுண்டு. "காதுக்குள்ள எந்நேரமும் ஒரே இரைச்சலா இருக்கு." சிலருக்கு அது சில்வண்டின் ரீங்காரம். சிலருக்குக் கடலின் இரைச்சல். சிலருக்குக் குக்கரிலிருந்து ஆவி சீறும் சத்தம். வெளியே அப்படி ஓர் ஒலியும் இல்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது கேட்பதும் இல்லை.

இதனைக் காதிரைச்சல் என்கின்றோம். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பார்கள். மணிபோல் ஒலித்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2022-ஆம் ஆண்டில் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, வயதுவந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் இதனை உணர்ந்திருக்கின்றனர் என்று கணக்கிட்டது. அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது கடுமையான தொல்லை. ஞாயிறு திருப்பலியில் பெரியவர்கள் நூறு பேர் அமர்ந்திருந்தால், ஏறத்தாழ 14 பேர் இதனை அறிந்தவர்களாகவும், இருவர் இதனால் மிகவும் அவதிப்படுபவர்களாகவும் இருக்கலாம் என்பதே இந்தக் கணக்கின் பொருள். அந்த இருவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஏனெனில் பெரும்பாலும் அவர்கள் சொல்வதில்லை.

ஏன் சொல்வதில்லை? சொன்னால் கிடைக்கின்ற பதில்கள் அப்படி. "எல்லாம் உன் பிரமை", "வயசானா அப்படித்தான்", "எண்ணெய் ஊத்து, சரியாப் போகும்", "இதுக்கு மருந்தே கிடையாதாம்". இரைச்சல் தருகின்ற துன்பம் ஒரு பங்கு என்றால், இத்தகைய தவறான எண்ணங்கள் தருகின்ற துன்பம் இன்னொரு பங்கு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இது வெறும் பிரமை, மனநிலை சரியில்லை"

இல்லாத ஒலி கேட்கின்றது என்றதும் நாம் முதலில் ஐயப்படுவது மனநலத்தைத்தான். பாதிக்கப்பட்டவரே கூட "எனக்குப் பைத்தியம் பிடிக்கின்றதோ" என்று அஞ்சி வாய்திறக்காமல் இருந்துவிடுகின்றார். ஆனால் காதிரைச்சல் என்பது கேட்கும் அமைப்பில் உண்டாகும் உண்மையான நிகழ்வு. பெரும்பாலானோருக்கு அது பொருளற்ற ஓசை: ரீங்காரம், சீறல், விசில், இரைச்சல். யாரோ பேசுவதுபோலவும், கட்டளையிடுவதுபோலவும் சொற்கள் கேட்பது முற்றிலும் வேறு. அதற்கு மனநல மருத்துவரின் உதவி தேவை. கேட்கும் திறன் மிகவும் குறைந்துபோன முதியவர்கள் சிலருக்கு, முன்பு கேட்டுப் பழகிய பாடல்கள் காதில் ஒலிப்பதும் உண்டு. அதுவும் பெரும்பாலும் மனநோய் இல்லை. கேட்பதற்கு ஒன்றும் வராத மூளை, தன் நினைவிலிருந்து எடுத்துத் தருவது அது.

1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள், கேட்கும் திறனில் குறையில்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் அமரச் செய்து, என்ன கேட்டது என்று வினவினார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகக் கூறினர். காதிரைச்சல் உள்ளவர்கள் சொன்ன அதே வகையான ஓசைகள்தாம் அவை. ஆக, அந்த மெல்லிய ஒலி ஏறத்தாழ எல்லாருக்குள்ளும் இருக்கின்றது. நம்மில் பலருக்கு அது மறைந்தே இருக்கின்றது. சிலருக்கு அது மேலெழுந்து வந்துவிடுகின்றது.

"யாரோ நம்மைப் பற்றிப் பேசுகின்றார்கள், தீய ஆவியின் வேலை"

இந்த எண்ணமும் பழையது. நம்மைப்பற்றி எங்கோ யாரோ பேசினால் நம் காது ஒலிக்கும் என்ற நம்பிக்கையை, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி தம் நூலில் குறித்திருக்கின்றார். 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் காதிரைச்சலாலும் தலைச்சுற்றலாலும் நெடுங்காலம் துன்புற்றார். 1530-இல் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது அது அவரைப் படிக்கவும் எழுதவும் விடாமல் வாட்டியது. அதனைச் சாத்தானின் தாக்குதல் என்றே அவர் கருதினார். கேட்கும் உறுப்பு எப்படி இயங்குகின்றது என்று யாரும் அறிந்திராத காலம் அது.

இன்று நாம் அறிவோம். அப்படியிருந்தும், காதிரைச்சல் வந்தவரை மந்திரிக்க அழைத்துச் செல்வதும், செய்வினை என்று சொல்லிப் பணம் பறிப்பதும் சில இடங்களில் நடக்கின்றது. இன்னொரு பக்கம், "இது கடவுள் எனக்குத் தந்த சிலுவை" என்று சொல்லி மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. துன்பத்தில் செபம் பெரும் ஆறுதல்தான். ஆனால் செபம் மருத்துவத்துக்கு மாற்று என்று நம் திருஅவை ஒருபோதும் கற்பித்ததில்லை. சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கும்படி நமக்குச் சொல்கின்றது. செபித்துவிட்டு மருத்துவரைப் பார்க்கச் செல்வதே முறை.

"கோளாறு காதில்தான், எண்ணெய் ஊற்றி அழுக்கை எடுத்தால் நின்றுவிடும்"

காதில் மெழுகு அடைத்துக்கொண்டால் இரைச்சல் வருவது உண்மை. நடுக்காதில் சீழோ நீரோ கோத்திருந்தாலும் வரும். மருத்துவர் அவற்றைச் சரிசெய்தால் இரைச்சலும் நின்றுவிடலாம். ஆனால் நாமே செய்கின்ற வைத்தியங்கள் நிலைமையை மோசமாக்குகின்றன. பஞ்சு சுற்றிய குச்சி மெழுகை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம். கொண்டை ஊசியும் தீக்குச்சியும் செவிப்பறையைக் கிழிக்கக்கூடும். ஏற்கெனவே ஓட்டை விழுந்த செவிப்பறைக்குள் காய்ச்சிய எண்ணெய் போனால் நடுக்காது கெட்டுவிடும். தெருவோரத்தில் காது சுத்தம் செய்பவரிடம் காதைக் கொடுப்பதும் அப்படியே.

பெரும்பாலான காதிரைச்சலுக்குக் காரணம் எண்ணெய் எட்டாத இடத்தில் இருக்கின்றது. உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒலி அலை இவற்றை அசைக்க, அந்த அசைவு மின்குறிப்பாக மாறி, செவி நரம்பு வழியாக மூளைக்குப் போகின்றது. பேரோசையாலோ, முதுமையாலோ, சில மருந்துகளாலோ இச்செல்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை.

செல்கள் குறைந்தால் மூளைக்கு வரும் செய்தியும் குறைகின்றது. அப்போது மூளை என்ன செய்கின்றது? பழைய வானொலிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நிலையம் சரியாக எடுக்காவிட்டால் நாம் ஒலியைக் கூட்டுகின்றோம். பாட்டு தெளிவாகக் கேட்பதற்குப் பதில் 'உஸ்' என்ற இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கின்றது. மூளையும் அப்படித்தான், வராத ஒலியைப் பிடிப்பதற்காகத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றது. நரம்பு மண்டலத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய மின்துடிப்பு அப்போது ஒலியாகக் கேட்கத் தொடங்குகின்றது. விபத்தில் காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வலி தெரிவதில்லையா? ஏறத்தாழ அதைப் போன்றது இது. கட்டிக்காகச் செவி நரம்பையே அறுக்க நேர்ந்த நோயாளிகளில் பலருக்கு, காது முற்றிலும் கேட்காமல் போன பின்னும் இரைச்சல் தொடர்ந்தது. காதில் தொடங்கிய குறை, மூளையில் குடிகொள்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

"எனக்குக் காது நன்றாகவே கேட்கின்றது" - "இது வந்தால் காது கேட்காமல் போய்விடும்"

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான எண்ணங்கள். இரண்டுமே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவை.

காதிரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்கும் திறனில் ஓரளவேனும் குறை இருக்கும். அது மெல்ல வருவதால் அவர்களுக்கே தெரிவதில்லை. வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைப்பது, பேரப்பிள்ளைகள் சொல்வதை "என்ன, என்ன?" என்று கேட்பது, கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறிய முடியாமல் தவிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். வழக்கமான பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் கேட்பவர்களும் உண்டு. நுண்மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பழுதடைந்திருந்தால், அது சாதாரணச் சோதனையில் தெரியாமல் போகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆகவே "ரிப்போர்ட் நார்மல், அதனால் நீ சொல்வது பொய்" என்று யாரையும் அடக்கிவிடக் கூடாது.

மறுபக்கம், இரைச்சல் காதைச் செவிடாக்குவதில்லை. அது ஓர் அறிகுறி மட்டுமே. கேட்கும் திறன் குறைவதற்குக் காரணமான பேரோசை தொடர்ந்தால் குறையும் தொடரும். காதைக் காத்துக்கொண்டால், இரைச்சல் இருக்கின்ற ஒரே காரணத்தால் கேட்கும் திறன் போய்விடாது.

"இது முதியவர்களின் நோய்"

வயது ஏற ஏற இது மிகுதியாவது உண்மை. ஆனால் இளையோரையும் இது விட்டுவைப்பதில்லை. விசைத்தறிக் கூடத்திலும் நூற்பாலையிலும் வேலை செய்பவர்கள், தச்சர்கள், பேருந்து ஓட்டுநர்கள், இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர்கள், படைவீரர்கள் என்று பலருக்கும் முப்பது வயதுக்கு முன்பே இது வரக்கூடும். இன்று இவர்களோடு, நாள் முழுதும் காதில் இயர்போன் மாட்டியிருக்கும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. தொழிலாளருக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கணக்கு இன்னும் எளிது. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 டெசிபலுக்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். திருமண மண்டபத்தில் பெரிய ஒலிபெருக்கிக்கு முன்னால் நாம் எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்கின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். பட்டாசின் நிலை இன்னும் கடுமையானது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிகளுக்கு இந்தியாவில் 1999-லேயே தடை விதிக்கப்பட்டது. ஒரே ஒரு வெடி கூட வாழ்நாள் முழுவதற்கும் காதிரைச்சலைத் தந்துவிட முடியும்.

பங்குத் திருவிழாக்களில் தேர்ப்பவனிக்கு முன்னால் வெடி போடுவதும், ஊர் முழுக்கக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவதும் நம் வழக்கம். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது அவற்றின் பொது விதி. விதிக்காக மட்டும் என்றில்லாமல், பீடச்சிறாரின் காதுகளுக்காகவும் பாடகர் குழுவினரின் காதுகளுக்காகவும் இதனை நாம் கருத்தில் கொள்ளலாம். விழா முடிந்து வீடு திரும்பும்போது காதில் 'ஙொய்' என்ற ஒலி கேட்டால், அது காது தருகின்ற எச்சரிக்கை. மறுநாள் அது மறைந்துவிடலாம். மறைந்துவிட்டதால் பாதிப்பே இல்லை என்று எண்ணுவதுதான் தவறு.

"அமைதியான இடத்தில் இருந்தால் குறைந்துவிடும்"

இரைச்சல் தாங்காமல் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டறையில் படுத்துவிடுகின்றார்கள். சிலர் எந்நேரமும் காதில் பஞ்சு வைத்துக்கொள்கின்றார்கள். இதனால் இரைச்சல் இன்னும் தெளிவாகக் கேட்கின்றது. பகலில் விளக்கு ஏற்றினால் வெளிச்சம் தெரிவதில்லை. இரவில் அதே விளக்கு வீட்டையே நிரப்புகின்றது. காதிரைச்சலும் அப்படித்தான். மின்சாரம் நின்று மின்விசிறி ஓய்ந்த நொடியில் அது பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

எனவே மெல்லிய பின்னணி ஒலி நல்லது. மின்விசிறி, தணித்து வைத்த வானொலி, கைப்பேசியில் பதிவு செய்த மழை ஓசை, இவற்றில் எது மனதுக்கு இதமோ அது. இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்குச் சத்தமாக வைக்க வேண்டியதில்லை. அதற்கு இணையாக, அல்லது சற்றே தாழ்வாக ஒலித்தால் போதும். காதடைப்பான் பயன்படுத்த வேண்டிய இடம் வேறு. ஆலையிலும், வெடி போடும் இடத்திலும், பேரோசைக்கு நடுவிலும் அது கட்டாயம் வேண்டும். அமைதியான வீட்டில் வேண்டாம்.

"காபியை விட்டால் போதும், இந்த மாத்திரை சாப்பிட்டால் போதும்"

காபி, தேநீரை நிறுத்தினால் இரைச்சல் நிற்கும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். பிரித்தானியாவில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், காதிரைச்சல் உள்ள 66 பேர் காபியில் உள்ள காஃபீனைக் குறிப்பிட்ட காலம் நிறுத்தியும் தொடர்ந்தும் பார்த்தார்கள். நிறுத்தியதால் இரைச்சலில் பயன் ஏதும் இல்லை. பழக்கத்தைத் திடீரென விட்டதால் தலைவலியும் சோர்வும்தான் வந்தன. காபி குடித்தால் தமக்கு இரைச்சல் கூடுகின்றது என்று உணர்கின்றவர் குறைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் காலைக் காபியைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சாறு உலகெங்கும் காதிரைச்சலுக்கென்று விற்கப்படுகின்றது. 2001-ஆம் ஆண்டு 1,121 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது கூடுதல் பயன் எதையும் தரவில்லை. அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களின் கழகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜின்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றைக் காதிரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே கூறுகின்றது. "இருபது நாளில் நிரந்தரக் குணம்" என்று விளம்பரம் செய்கின்ற மருந்துகளுக்காகக் கடன் வாங்காதீர்கள்.

சில மருந்துகள் இரைச்சலை உண்டாக்குவதும் உண்டு. அதிக அளவில் ஆஸ்பிரின், குயினைன், ஸ்டிரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் ஆகியவை அவற்றுள் சில. மருந்து தொடங்கிய பின் இரைச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

"இரைச்சல்தானே, ஆபத்து ஒன்றும் இல்லை"

பெரும்பாலும் இது உண்மையே. இருப்பினும் சில வேளைகளில் காலம் தாழ்த்தவே கூடாது. பின்வரும் அடையாளங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்து, அதோடு இரைச்சலும் வந்தால், அது அவசர நிலை. "சளி பிடித்திருக்கும், நான்கு நாள் பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது.

இதயத் துடிப்போடு சேர்ந்து 'டும் டும்' என்று ஒலித்தால், அது இரத்தக் குழாய் தொடர்பானதாக இருக்கலாம். இரத்த சோகை, உயர் இரத்த அழுத்தம், தைராய்டு போன்றவையும் காரணமாகலாம். இவ்வகையில் சில நேரங்களில் மருத்துவரும் தம் கருவியை வைத்து அந்த ஒலியைக் கேட்க முடியும்.

ஒரே ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தால், செவி நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அத்தகைய கட்டி அரிது. அதுவும் பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை.

சுழல்கின்ற தலைச்சுற்றல், காது அடைப்பு, கேட்கும் திறன் கூடிக் குறைதல் ஆகியவற்றோடு இரைச்சல் வந்தால், அது மெனியர் நோயாக இருக்கலாம். முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல் ஆகியவை உடன் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, பழகிக்கொள்"

தவறான எண்ணங்களில் மிகக் கொடியது இதுதான். இதனைச் சில நேரங்களில் மருத்துவமனையிலிருந்தே கேட்டுவிட்டு வருகின்றார்கள் என்பது வேதனை. இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை என்பது உண்மை. ஆனால் "மாத்திரை இல்லை" என்பதும் "செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்பதும் ஒன்றாகிவிடாது. "பழகிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவதற்கும், எப்படிப் பழகுவது என்று கற்றுக்கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இருப்புப்பாதைக்கு அருகில் வீடு கட்டியவர் முதல் வாரம் உறங்குவதில்லை. ஆறு மாதம் கழித்து, வண்டி போனதே அவருக்குத் தெரிவதில்லை. வண்டியின் ஓசை குறைந்துவிடவில்லை. "இதனால் எனக்குத் தீங்கில்லை" என்று மூளை முடிவு செய்து, அதனைக் கவனத்திலிருந்து விலக்கிவிட்டது. காதிரைச்சலில் இந்த இயல்பான பழக்கம் நடைபெறாமல் தடுப்பது அச்சம். "இது என்ன நோயோ, இன்னும் கூடுமோ, மூளையில் கட்டியோ" என்று அஞ்சும்போது மூளை அந்த ஒலியை ஆபத்தின் அடையாளமாகக் குறித்துக்கொள்கின்றது. ஆபத்து என்றால் கண்காணிக்க வேண்டும். கண்காணித்தால் பெரிதாகக் கேட்கின்றது. பெரிதாகக் கேட்டால் அச்சம் கூடுகின்றது, உறக்கம் கெடுகின்றது. பாவெல் ஜாஸ்ட்ரெபோஃப் என்ற அறிஞர் 1990-இல் முன்வைத்த இந்த விளக்கம் பல சிகிச்சைகளுக்கு அடித்தளமாயிற்று. அளந்து பார்த்தால், பலருடைய இரைச்சல் அவர்கள் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைவிடச் சில டெசிபல் மட்டுமே அதிகம். ஆனால் அது தருகின்ற துன்பமோ மலையளவு. துன்பத்தின் அளவை முடிவு செய்வதில் ஒலியைவிட இந்த அச்சச் சுழற்சிக்கே பெரிய பங்கு உண்டு. அதனை உடைக்க முடியும்.

முதலாவது, காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறிவது. "ஆபத்தான காரணம் ஏதும் இல்லை" என்ற ஒரு விளக்கமே பலருக்குப் பாதித் துன்பத்தைப் போக்கிவிடும். இரண்டாவது, கேட்கும் திறன் பரிசோதனை. குறை இருந்தால் கேட்புக் கருவி உதவுகின்றது. வெளி ஒலிகள் மீண்டும் மூளைக்குப் போகும்போது இரைச்சல் பின்னால் தள்ளப்படுகின்றது. "எனக்கென்ன அவ்வளவு வயதா?" என்று கருவி மாட்டக் கூச்சப்படுகின்றோம். கண்ணாடி மாட்டக் கூச்சப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் கூச வேண்டும்?

மூன்றாவது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் உளவியல் பயிற்சி. இரைச்சலைப் பற்றிய அச்ச எண்ணங்களை அடையாளம் கண்டு மாற்றவும், உறக்கத்தைச் சீராக்கவும், தவிர்த்துவந்த வேலைகளுக்குத் திரும்பவும் இது கற்றுத்தருகின்றது. 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2020-இல் வெளியான காக்ரன் அறிக்கை, இது காதிரைச்சலால் வாழ்க்கையில் ஏற்படும் பாதிப்பைக் குறைக்கின்றது என்று கண்டது. உளவியலாளரிடம் போவதால் "மனநோய்" என்று பொருளாகிவிடாது. நான்காவதாக, காதுக்கு ஒலியும் நாவுக்கு மெல்லிய மின்துடிப்பும் ஒருசேரத் தருகின்ற ஒரு கருவிக்கு 2023-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இத்துறையில் தேடல் தொடர்கின்றது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

இசைமேதை பேத்தோவன் 1801-ஆம் ஆண்டு தம் நண்பர் வேகெலருக்கு எழுதிய கடிதத்தில், இரவும் பகலும் தம் காதுகள் இரைந்துகொண்டே இருப்பதாகவும், காது கேட்கவில்லை என்று பிறரிடம் சொல்ல இயலாததால் ஈராண்டுகளாக மனிதர்களின் கூட்டத்தையே தவிர்த்துவருவதாகவும் எழுதினார். அடுத்த ஆண்டில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனவர் அவர். அவருடைய ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது 1824-இல். அவர் காலத்தில் இல்லாத உதவிகள் இன்று நம்மிடம் இருக்கின்றன. ஆனால் அவரைப்போலவே மறைத்துக்கொண்டு ஒதுங்கி வாழ்பவர்கள் இன்றும் நம் நடுவே இருக்கின்றார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் அம்மாவோ, மாமனாரோ, கல்லூரியில் படிக்கும் மகனோ காதில் இரைச்சல் என்று சொன்னால், முதலில் நம்புங்கள். "எனக்குக் கேட்கலையே" என்று சொல்லாதீர்கள். எந்தக் காதில், எப்போதிலிருந்து, எப்படிப்பட்ட ஒலி, உறக்கம் எப்படி இருக்கின்றது என்று கேளுங்கள். பரிசோதனைக்கு உடன் செல்லுங்கள். அவர்களோடு பேசும்போது முகத்தைப் பார்த்து, கத்தாமல், சற்று மெதுவாகப் பேசுங்கள். அதே வேளையில், ஒவ்வொரு நாளும் "இன்னிக்கு இரைச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டு அதனை நினைவூட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். நடைப்பயிற்சிக்கும், தோட்ட வேலைக்கும், அன்பியக் கூட்டத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

"இப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல்" என்று ஒருவர் சொன்னால், அதனைப் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 2022 முதல் இந்திய அரசு நடத்திவருகின்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை. இரவும் பகலும் அழைக்கலாம்.

அன்புக்குரியவர்களே, அடுத்தவர் காதில் ஒலிப்பதை நம்மால் கேட்க முடியாது. ஆனால் அவர் சொல்வதைக் கேட்க நம்மால் முடியும். "ஒன்றும் செய்ய முடியாது" என்ற சொல்லை நாம் கைவிட்டு, "வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்று சொல்லத் தொடங்கினால், எத்தனையோ வீடுகளில் இன்றிரவே ஒருவருடைய சுமை பாதியாகக் குறையும்.